மீட்டர் பார்க்க வந்தவரும் நம் வாசற்படியும்

மலர்க்குழு நண்பர்கள் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டு வந்தபோது, வழக்கம்போல் வந்தவாசிப் பக்கத்துக் கல்வெட்டு ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதித் தரலாம் என்றுதான் இருந்தேன். "நயினார் சார், அதெல்லாம் நாலு பேர்தான் படிக்கிறாங்க. நம்ம ஜனங்களுக்குப் பிரயோஜனமா எழுதுங்களேன்" என்றார் குழுவில் ஒருவர். முதலில் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு யோசித்துப் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த மும்பையில் வயரும் சுவிட்சும் விற்றுப் பிழைத்தவன் நான். லோஹார் சாலில் மாமா கடையில் சம்பளத்துக்கு நின்று, பிறகு புறநகரில் சொந்தமாகக் கடை போட்டவன். மின்சாரத்தைப் பற்றி என்னிடம் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது வயர் விலை அல்ல, "கம்பெனிக்காரன் வீட்டுக்குள்ள வரலாமா, விட்டே ஆகணுமா?" என்பதுதான். நான் வக்கீல் அல்ல. சட்டப் புத்தகத்தை நானாக வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தவன். படிக்க வைத்த சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2012 மழைக்காலம். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர். கணவர் காலமாகி ஆறேழு வருஷம், கல்லூரியில் படிக்கும் ஒரே மகள். வீட்டிலேயே கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்கு விற்றுக் குடும்பம் நடத்தி வந்தார். ஒருநாள் இரவு எட்டு மணிக்கு மேல் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கை நடுங்குகிறது. "அண்ணாச்சி, கரண்டு ஆபீஸ்னு சொல்லி நாலு பேரு உள்ள வந்துட்டாங்க. கட்டிலுக்கு அடியில, பீரோவுல எல்லாம் பாக்காங்க. திருட்டுக் கரண்டுன்னு சொல்லுதாங்க" என்றார். நான் மேலே போவதற்குள் அவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கியது. திருப்பிப் போட்டிருந்ததால் பெயர் தெரியவில்லை. அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், நகல் தரவில்லை. பத்து நாள் கழித்து 61,000 ரூபாய்க்கு ஒரு காகிதம் வந்தது.

அன்றைக்கு எனக்கே சட்டம் தெரியாது. "கம்பெனி மீட்டர், கம்பெனி கரண்ட், வந்தா விட்டுத்தானே ஆகணும்" என்று அதுவரை எத்தனையோ பேருக்கு நானே கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை என்பது பிறகுதான் புரிந்தது.

மின்சாரச் சட்டம், 2003 என்பதுதான் இப்போது நாடு முழுவதற்கும் அடிப்படை. அதற்கு முன்பு 1910-ஆம் வருஷத்து இந்திய மின்சாரச் சட்டம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் இருந்த ஏற்பாடுதான், கொஞ்சம் மாற்றங்களோடு, 2003 சட்டத்தில் 163-ஆம் பிரிவாக வந்து உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் விநியோகிக்க உரிமம் பெற்றவரைச் சட்டம் உரிமதாரர் என்கிறது. நம் ஊரில் அது இடத்துக்கு இடம் மாறும்: நகரத்துக்குள் பெஸ்ட், புறநகரில் அதானி, டாட்டா, முலுண்டு பாண்டுப் பக்கம் மகாவிதரண். யாராக இருந்தாலும் சட்டம் ஒன்றேதான்.

163-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு என்ன சொல்கிறது? உரிமதாரரோ அவரால் முறைப்படி அதிகாரம் பெற்றவரோ, நியாயமான நேரத்தில், குடியிருப்பவரிடம் தம் நோக்கத்தைத் தெரிவித்துவிட்டு, மின்சாரம் தரப்படும் இடத்துக்குள் நுழையலாம். எதற்காக? தமக்குச் சொந்தமான கம்பி, மீட்டர், சாதனங்களைப் பார்வையிட, சோதிக்க, பழுதுபார்க்க, மாற்ற. எவ்வளவு மின்சாரம் போனது என்று கணக்கெடுக்க. இணைப்பு வேண்டாம் என்றாகிவிட்டாலோ, துண்டிக்கும் அதிகாரம் வந்துவிட்டாலோ தம் பொருளைக் கழற்றிக்கொண்டு போக. அவ்வளவுதான். இதில் மூன்று வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும். "அதிகாரம் பெற்றவர்" என்றால், அதிகாரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. "நியாயமான நேரம்" என்றால், நடுராத்திரியில் மீட்டர் ரீடிங் கிடையாது. "தெரிவித்துவிட்டு" என்றால், பெல் அடித்துவிட்டுக் கதவு திறந்த கையோடு உள்ளே காலை வைப்பது ஆகாது. எதற்கு வந்தேன் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அனுமதி என்ற சொல் அங்கே இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தெரிவித்தால் போதும். ஆனால் தெரிவிக்காமல் முடியாது.

இன்னொன்றும் உண்டு. இந்த உட்பிரிவின் கண் முழுக்கக் கம்பெனிக்குச் சொந்தமான பொருள் மேல்தான். நம் வீட்டுக்குள் நாம் போட்ட வயரிங், ஃபேன், கிரைண்டர் எல்லாம் நம்முடையவை. அவற்றைத் தொட்டுச் சோதிக்க முதல் உட்பிரிவு இடம் தரவில்லை. இரண்டாம் உட்பிரிவில் அது வருகிறது. அதற்கு நிர்வாக மாஜிஸ்திரேட்டின் தனி உத்தரவு வேண்டும். அதன் பிறகும் குடியிருப்பவருக்கு எழுத்து மூலம் 24 மணி நேரத்துக்குக் குறையாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதுவும் புதிதாக மின்சாரம் தரப்போகும் இடத்தின் சாதனங்களைச் சோதிப்பதற்குத்தான்.

சரி, நாம் கதவைத் திறக்கவில்லை என்றால்? பலபேர் போலீஸ் வரும், பூட்டை உடைப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். மூன்றாம் உட்பிரிவைப் படித்தால் அப்படி எதுவும் இல்லை. எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, 24 மணி நேரம் கழிந்த பிறகும் மறுத்தால், மின்சாரத்தைத் துண்டிக்கலாம். மறுப்பு நீடிக்கும் வரைக்கும்தான் துண்டிப்பு. அதற்கு மேல் ஒரு நிமிஷமும் கூடாது என்று அந்த வாசகம் அழுத்தமாக முடிகிறது. ஆக, வீம்புக்குக் கதவைச் சாத்துவதால் நமக்குத்தான் இருட்டு. எங்கள் கடைத் தெருவிலேயே ஒரு வீட்டில் சர்வீஸ் கேபிள் சூடேறிப் புகைந்தபோது, "நான் இருக்கும்போது வாங்க" என்று போனிலேயே லைன்மேனைத் திருப்பி அனுப்பினார் ஒரு மனிதர். அன்று மாலையே பலகை கருகியது. நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. பழுதுபார்க்க வருகிறவன் நம் நன்மைக்கும் சேர்த்துத்தான் வருகிறான். இதை மறந்துவிட்டு உரிமை பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

இனி, அந்த இரவு மூன்றாம் மாடியில் நடந்ததற்கு வருகிறேன். அது மீட்டர் பார்ப்பதும் இல்லை, பழுது பார்ப்பதும் இல்லை. சோதனை. அதற்குச் சட்டத்தில் வேறு கதவு, வேறு சாவி. 135-ஆம் பிரிவு.

மின்திருட்டு என்பது கிரிமினல் குற்றம். மூன்று வருஷம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. கொக்கி போட்டு எடுப்பது, மீட்டரைத் தில்லுமுல்லு செய்வது எல்லாம் இதில் வரும். இதைக் கண்டுபிடிக்கச் சட்டம் கடுமையான அதிகாரம் கொடுத்திருக்கிறது: நுழையலாம், பார்வையிடலாம், உடைத்துத் திறக்கலாம், தேடலாம், கருவிகளைக் கைப்பற்றலாம். பார்த்தீர்களா, 163-இல் இல்லாத "உடைத்துத் திறக்க" என்ற வார்த்தை இங்கே வருகிறது. ஆனால் அந்த அதிகாரம் கம்பெனியின் எல்லா ஆளுக்கும் கிடையாது. மாநில அரசு இதற்கென்று அதிகாரம் கொடுத்த அலுவலருக்குத்தான். அவருக்கும் அங்கே மின்சாரம் முறைகேடாக எடுக்கப்படுகிறது என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். சும்மா ஒரு கட்டடம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டிப் பார்ப்பது காரணம் ஆகாது. குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். கைப்பற்றிய பொருளுக்குப் பட்டியல் எழுதி, குடியிருப்பவரிடம் கொடுத்து, அவர் கையெழுத்துப் போட வேண்டும். சோதனைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதிகள் கூடியவரை பொருந்தும் என்றும் இருக்கிறது. 1973-ஆம் வருஷத்து அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அக்கம்பக்கத்து மரியாதைப்பட்ட இருவரைச் சாட்சி வைக்கும் ஏற்பாடு பழசிலும் உண்டு, புதுசிலும் உண்டு.

முக்கியமான வரி அதற்கும் கீழே, விதிவிலக்காக இருக்கிறது. குடியிருக்கும் வீட்டில், சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை, பார்வையிடுதலோ தேடுதலோ கைப்பற்றுதலோ கூடாது. அந்த வீட்டில் குடியிருக்கும் வயதுவந்த ஆண் ஒருவர் உடனிருந்தால் ஒழிய.

இந்த வரியை முதல்முறை படித்தபோது எழுந்து உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு மேல், ஆண் துணை இல்லாத வீடு, நாலு ஆண்கள். சட்டம் கூடாது என்று சொன்ன அத்தனையும் அங்கே நடந்திருக்கிறது. எங்களுக்குச் சூரியன் மறையும் நேரம் சின்ன வயதிலிருந்தே பழக்கம். சமண வீடுகளில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு இல்லை. என் அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் அடுப்பை அணைப்பார். அதே அஸ்தமனக் கணக்கை டில்லியில் உட்கார்ந்து 2003-இல் எழுதிய மின்சாரச் சட்டத்தில் பார்த்தது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இரவில் பிறர் வீட்டுக்குள் நுழைவதைத் தனியாகப் பார்ப்பது புதுசும் இல்லை. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில், பகலில் பிறர் வீட்டில் நுழைந்தால் கீழ்த்தட்டு அபராதம், இரவில் நுழைந்தால் நடுத்தட்டு, ஆயுதத்தோடு நுழைந்தால் பகலானாலும் இரவானாலும் உச்ச அபராதம் என்று படிப்படியாகச் சொல்லியிருக்கிறது. மெக்காலே எழுதிய தண்டனைச் சட்டத்திலும் இரவு நேர அத்துமீறல் தனிக் குற்றம். எங்கள் மரபில் திகம்பர முனிவர் ஆகாரத்துக்கு வரும்போதுகூட, வீட்டார் வாசலில் நின்று எதிர்கொண்டு அழைத்தாலொழிய உள்ளே வருவதில்லை. எல்லாவற்றையும் துறந்தவருக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் "வயதுவந்த ஆண்" என்று எழுதினார்களே, அது எனக்கு உறுத்துகிறது. நடைமுறையில் அது பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இரவில் முழுப் பாதுகாப்புத் தருகிறது, சந்தோஷம். ஆனால் அந்த வார்த்தைக்கு அடியில் இருக்கும் எண்ணம் என்ன? அந்த அம்மாவின் மகள் இன்றைக்கு ஒரு பாங்கில் அதிகாரி. அவள் வீட்டில் சோதனைக்குச் சாட்சியாக நிற்க அவளுக்குத் தகுதி இல்லை, ஆனால் பதினெட்டு முடிந்த தம்பி இருந்தால் போதும் என்றால் என்ன அர்த்தம்? இதை மாற்றி எழுதும்போது பாதுகாப்பைக் குறைக்காமல் எழுத வேண்டும்.

நம் மும்பை மாநகராட்சியின் சட்டம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். 1888-ஆம் வருஷத்துச் சட்டம் அது, 488-ஆம் பிரிவு. தண்ணீர்க் குழாய் பார்க்க வரும் முனிசிபல் ஆளுக்கு அதுதான் சாவி. பொதுவாகச் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில்தான் வர வேண்டும். ஆள் குடியிருக்கும் கட்டடமானால், குடியிருப்பவர் சம்மதம் வேண்டும்; இல்லையென்றால் 24 மணி நேர எழுத்து நோட்டீஸ் வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் நுழையக்கூடிய சந்தர்ப்பமாக இருந்தாலும், பெண்கள் புழங்கும் அறையில் இருப்பவர்கள் வேறு பக்கம் ஒதுங்கிக்கொள்ளப் போதிய அவகாசம் தர வேண்டும். குடியிருப்பவர்களின் சமூக, சமய வழக்கங்களுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த வாசகத்தின் மரியாதை குறையவில்லை. செருப்போடு பூஜை அறைக்குள் போனவனைப் பற்றி என்னிடம் புலம்பியவர்கள் பலர். 488 என்று ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பினேன்.

கேஸ் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. குழாய் எரிவாயு இணைப்பு வாங்கும்போது நாம் போடுகிற கையெழுத்தில்தான் மீட்டரைப் பார்க்க, பாதுகாப்புச் சோதனை செய்ய அவர்கள் வரும் உரிமை பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேஸ் நாற்றம் அடிக்கும்போது மட்டும் எந்தச் சட்டமும் பேசாமல் கதவைத் திறந்துவிடுங்கள்.

அந்த அம்மா கதைக்குத் திரும்புகிறேன். அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அவர் கரண்டைத் திருடவில்லை. மீட்டர் ஒழுங்காகத்தான் ஓடியது, ஓடியதற்குப் பணமும் கட்டினார். ஆனால் வீட்டு உபயோக இணைப்பில் வியாபாரத்துக்கு மாவு அரைத்தார். அது 126-ஆம் பிரிவில் வரும்: அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்துவது. முறையற்ற பயன்பாடு என்று அதற்குப் பெயர். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2011-இல் ஒரிசா அரிசி ஆலை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் 126 வேறு, 135 வேறு என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. 135-இல் திருட்டு எண்ணம் வேண்டும், கோர்ட்டு, சிறை உண்டு. 126-இல் கணக்குப் போட்டுப் பணம் வசூலிப்பதோடு சரி: அந்த வகைக்கு உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு, எவ்வளவு காலம் என்று தெரியாவிட்டால் சோதனை தேதிக்கு முந்தைய 12 மாதம் வரை. முதலில் தற்காலிக மதிப்பீடு தர வேண்டும். நாம் ஆட்சேபம் எழுதலாம். நேரில் கேட்டுவிட்டு, தற்காலிக மதிப்பீடு நம் கைக்கு வந்த 30 நாளுக்குள் இறுதி உத்தரவு. அதன் மேல் 127-இல் 30 நாளுக்குள் அப்பீல், ஆனால் பாதிப் பணத்தைக் கட்டிவிட்டுத்தான்.

வந்தவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல், திருட்டு என்று மிரட்டி, "கிலோவாட்டுக்கு நாலாயிரம் கட்டினால் சமரசம் செய்துவிடலாம்" என்று ஆசை காட்டியிருக்கிறார்கள். 152-ஆம் பிரிவில் அப்படி ஒரு சமரசத் தொகை இருப்பது உண்மைதான். அது திருட்டுக் குற்றத்துக்கு உரியது. ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். திருடாதவர் அதைக் கட்டினால், திருடன் என்ற பெயரைக் காசு கொடுத்து வாங்கிய மாதிரி. வியாபாரத்தில் எத்தனையோ நஷ்டம் பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி கொள்முதலைப் பார்த்ததில்லை.

கம்பெனிக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதம் ஒரு பக்கம்தான். வந்த நால்வரின் பெயர், பதவி என்ன? அவர்களில் 135-இன்படி அரசு அதிகாரம் கொடுத்த அலுவலர் யார்? வந்த நேரம் என்ன? வீட்டில் யார் இருந்தார்கள் என்று உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறதா? கைப்பற்றிய பொருள் பட்டியல் எங்கே? திருட்டு என்றால், போலீசில் எழுத்துப் புகார் எப்போது கொடுத்தீர்கள்? 2007-இல் வந்த திருத்தத்தின்படி, திருட்டென்று கண்டு மின்சாரத்தைத் துண்டித்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுத்தே ஆக வேண்டும். அவர்கள் துண்டிக்கவும் இல்லை, புகார் கொடுக்கவும் இல்லை. வெறும் பில்தான்.

மூன்று முறை அலைந்தோம். நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னார். மகாராஷ்டிரத்தில் அந்த மன்றங்கள் 126, 135 விஷயங்களை எடுத்துக்கொள்வதில்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் கடை அடைத்தது மிச்சம். நாலாவது முறை மூத்த அதிகாரி ஒருவர் பைலைப் புரட்டிவிட்டு, ராத்திரி என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அடுத்த வாரம் திருட்டு என்ற தலைப்பு போய், 126-இன்படி தற்காலிக மதிப்பீடு வந்தது. ஆட்சேபம் எழுதினோம்: கிரைண்டர் ஓடுவது தினம் மூன்று மணி நேரம், மற்ற மின்சாரம் எல்லாம் வீட்டுக்கு. கடைசியில் 9,400 ரூபாய் என்று முடிந்தது. அந்த அம்மா இரண்டு தவணையில் கட்டினார். கிரைண்டருக்குத் தனியாக வணிக இணைப்பும் வாங்கினார். அவர் பக்கம் தப்பே இல்லை என்று நான் எழுதவில்லை. இருந்த தப்பின் அளவு 9,400; சுமத்திய தப்பின் அளவு 61,000, அதோடு ஒரு திருட்டுப் பட்டம்.

இந்த மாதிரி விஷயத்தில் மேல் கோர்ட்டுகள் என்ன நினைக்கின்றன என்று தேடிப் படித்தேன். 1962-இல் கரக் சிங் வழக்கில், போலீஸ்காரர்கள் இரவில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி ஆள் இருக்கிறானா என்று பார்க்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அடித்தது. ஆந்திராவில் முத்திரைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து, கலெக்டர் அதிகாரம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் எந்த இடத்திலும் நுழைந்து ஆவணங்களைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். கனரா வங்கி வழக்கில் 2004-இல் அதுவும் போயிற்று. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்ப்புச் சொன்னார்கள். இவற்றில் எதுவும் மின்சார வழக்கு அல்ல. ஆனால் காரணம் இல்லாமல், வரம்பு இல்லாமல் வீட்டுக்குள் நுழையும் அதிகாரத்தைக் கோர்ட்டுகள் எப்படிப் பார்க்கின்றன என்பது இவற்றில் தெரிகிறது.

வீட்டுக்குள் வருவது ஒன்று. வீட்டின் மேலும் நிலத்தின் அடியிலும் கம்பி, குழாய் போடுவது இன்னொன்று. நம்மில் பலருக்கு ஊரில் காணி இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். விநியோகக் கம்பெனி நம் கட்டடத்தின் மீதோ நிலத்திலோ கம்பி போட வேண்டுமானால், 2006-ஆம் வருஷத்து விதிகளின்படி சொந்தக்காரர் அல்லது குடியிருப்பவர் சம்மதத்தை முன்கூட்டி வாங்க வேண்டும். மறுத்தால் மாவட்ட மாஜிஸ்திரேட் அல்லது போலீஸ் கமிஷனரின் எழுத்து அனுமதி வேண்டும். நஷ்ட ஈடும் உண்டு. ஆனால் பெரிய மின்தொடர்களுக்கு 164-ஆம் பிரிவின்படி 1885 தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் சம்மதம் தேவையில்லை. 2016-இல் பவர் கிரிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படியே தீர்ப்பளித்தது. 2018-இல் கொங்கு மாவட்டங்களில் உயர் அழுத்தக் கோபுரங்களை எதிர்த்து விவசாயிகள் போராடியதன் சட்டப் பின்னணி இதுதான். 2023-இல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதுகூட, தந்திச் சட்டத்தின் அந்த ஒரு பகுதியை மின்தொடர்களுக்காக மட்டும் உயிரோடு விட்டு வைத்திருக்கிறார்கள். தந்தி செத்துப் பல வருஷம் ஆகியும் அதன் அதிகாரம் சாகவில்லை.

எரிவாயுக் குழாய்க்கு 1962-ஆம் வருஷத்துச் சட்டம். கெயில் குழாய் ஏழு மாவட்ட விளைநிலங்கள் வழியாகப் போகலாம் என்று 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கும். அந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒன்று 7-ஆம் பிரிவில் இருக்கிறது: அறிவிக்கைக்கு முன்பே குடியிருப்பாக இருந்த நிலம், நிலையான கட்டடம் நின்ற நிலம், வீட்டைச் சேர்ந்த கொல்லை, இவற்றின் அடியில் குழாய் பதிக்கக் கூடாது. வயலுக்கு இல்லாத காப்பு வீட்டுக்கு இருக்கிறது. வயலில் குழாய் போனால் அதன் மேல் கட்டடம் கட்டவோ கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ முடியாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது ஸ்மார்ட் மீட்டர் காலம். 2020-ஆம் வருஷத்து நுகர்வோர் உரிமை விதிகளின்படி ஸ்மார்ட் மீட்டரைத் தினம் ஒரு முறையாவது தூரத்திலிருந்தே படித்துவிட வேண்டும். ரீடிங் எடுக்க ஆள் வருவது மெல்ல மெல்ல நின்றுபோகும். மும்பைக் கட்டடங்களில் மீட்டர்கள் பெரும்பாலும் கீழே மீட்டர் ரூமில்தான் இருக்கின்றன. ரீடிங் என்று சொல்லி மாடி ஏறி வீட்டுக்குள் வர யாருக்கும் அவசியமே இல்லை. இதை வயதானவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால், கம்பெனி பெயரைச் சொல்லி வரும் போலி ஆசாமிகளிடமிருந்தும் தப்பலாம்.

சில மாதம் முன்பு எங்கள் கட்டடத்தில் மீட்டர் மாற்ற வந்தார்கள். நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடி அம்மா கிரில் கதவைத் திறக்காமலே, வந்த பையனின் அட்டையை வாங்கி, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு அவருக்குத் தெரிந்த இந்தியில், "மீட்டர் கீழே இருக்கே, மேலே எதுக்கு வந்தே?" என்று கேட்டார். "அரை மணி நேரம் கரண்ட் நிற்கும் மாஜி, அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றான் பையன். கிரிலைத் திறந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். உள்ளே கிரைண்டரை நிறுத்தும் சத்தம் கேட்டது.